ஹார்டு டிஸ்க்கைக் காணோம்!

விண்டோஸ் 10-க்குக் கெடு முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் புதிய விண்டோஸை ஏற்றப் போனால் வழிமறிக்கிறது பிழைச் செய்தி. அதன் பாஷை பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் பழகிப்போன ஒன்று.

பெங்களூர் டவுன் ஹாலிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் சதர் பத்ரப்ப சாலை என்று முழுப் பெயரைச் சொல்லி ஆட்டோ பிடித்தால் டிரைவர் விழிப்பார். எஸ்.பி. ரோடு என்றால் போதும், மீட்டர் போடாமலே கிளம்பிவிடுவார். சென்னைக்கு ரிச்சி தெரு, மும்பைக்கு லாமிங்டன் ரோடு, டெல்லிக்கு நேரு பிளேஸ் என்றால் பெங்களூருக்கு இந்தக் குறுகலான கடைத்தெரு. ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே சி.பி.யு. பெட்டியை இடுக்கிக்கொண்டும் தோளில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டும் வருகிறவர்கள் கன்னடம், தமிழ், உருது, இந்தி என்று எந்த மொழியில் பேசினாலும் கடையில் சொல்வது பெரும்பாலும் ஒரே வாசகம்: ‘ஓ.எஸ். போடணும்.’

இந்த வாசகத்துக்கு 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு ஒரு புதிய காரணம் சேர்ந்துகொண்டது. 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் அன்றோடு நிறுத்தியது. வீட்டு உபயோகிப்பாளர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. மற்றவர்கள் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும், அல்லது ஆபத்துக்குத் துணிய வேண்டும். இந்த முடிவால் உலகெங்கும் 24 கோடி கம்ப்யூட்டர்கள் மறுவிற்பனைக்குக்கூட லாயக்கற்ற குப்பையாகலாம் என்று 2023 டிசம்பரிலேயே கணக்குச் சொன்னது கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம். போதாக்குறைக்கு 2025-ன் கடைசியில் ஏ.ஐ. மையங்களின் பசியால் மெமரி சிப்களின் விலையும் ஏறியது. புதிது வாங்கக் கை நடுங்குகிறவர்கள், இருக்கும் பெட்டியிலேயே எதையாவது ஏற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பது இயற்கை.

ஏற்றுவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. பென் டிரைவைச் செருகி, ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போனால் அரை மணியில் முடிந்துவிடும். அது முடியாமல் போகிற நாளில்தான் இந்தத் தெருவின் அருமை தெரியும்.

லேப்டாப்களில் மிக அதிகமாகக் கலவரப்படுத்துவது ஒரு காலியான பட்டியல். எந்த டிஸ்க்கில் விண்டோஸைப் போடலாம் என்று கேட்கும் திரையில் ஒரு டிஸ்க்கும் இருக்காது. டிரைவ் எதுவும் கண்ணில் படவில்லை, டிரைவர் ஃபைல் இருந்தால் கொடுங்கள் என்று மட்டும் இருக்கும். ஐந்து நிமிடம் முன்புவரை அதே லேப்டாப் அதே டிஸ்க்கிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே உரிமையாளர் செய்யும் முதல் யூகம், எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்பது. ஏமாந்தவர் என்று தெரிந்தால் புது எஸ்.எஸ்.டி. தலையில் கட்டிவிடும் கடைகளும் உலகத்தில் உண்டு.

விஷயம் வேறு. 2020-ல் வந்த 11-ம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களிலிருந்து பல லேப்டாப் கம்பெனிகள் வி.எம்.டி. என்ற ஏற்பாட்டை இயக்கிய நிலையிலேயே பெட்டியை விற்கின்றன. இதில் எஸ்.எஸ்.டி. நேரடியாக வெளியே தெரியாது. இன்டெல்லின் ஒரு கட்டுப்பாட்டு அடுக்குக்குப் பின்னால் நிற்கும். அந்த அடுக்கோடு பேசத் தெரிந்த டிரைவர் இன்ஸ்டாலரிடம் இல்லையென்றால் டிஸ்க் இருப்பதே அதற்குத் தெரியாது. வீட்டுக்குள் ஆள் இருக்கிறார், வாசலில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். லேப்டாப் கம்பெனியின் இணையதளத்திலிருந்து ‘ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, ‘லோட் டிரைவர்’ என்று காட்டினால் டிஸ்க் தரிசனம் தரும். இறக்கிய ஃபைலை அப்படியே காட்டினால் பலிக்காது. உள்ளே இருப்பதை விரித்து எடுத்துக் காட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்கிறார்கள்.

பயாஸுக்குள் போய் வி.எம்.டி.யை அணைத்துவிடலாமே என்று கேட்கலாம். டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போடுவதென்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸை வைத்துக்கொள்ள நினைப்பவர் இதைத் தொட்டால், அடுத்த முறை பெட்டி கிளம்பும்போதே பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று நீலத்திரை காட்டி நின்றுவிடும். பதற வேண்டாம். பழையபடி இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நரைத்த தலை மெக்கானிக்குகளுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதே நாடகத்தை வேறு வேஷத்தில் நடத்தியது. சாட்டா டிஸ்க்குகள் பரவியபோது அவற்றைப் புது முறையில் கையாளும் டிரைவர் எக்ஸ்பி சிடியில் கிடையாது. இன்ஸ்டால் தொடங்கியதும் திரையின் அடியில் சில விநாடிகள் மட்டும் ஒரு வரி ஓடும்: கூடுதல் டிரைவர் இருந்தால் எஃப்6 அழுத்தவும். அழுத்தினால் அது கேட்பது ஃபிளாப்பி. அதுவும் ஃபிளாப்பி டிரைவே இல்லாத லேப்டாப்பில்! எஃப்6-ஐத் தவறவிட்டவர்களுக்கு 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை பரிசு. பயாஸில் சாட்டாவைப் பழைய ஐடிஇ போல நடிக்க வைப்பது ஒரு வழி. என்லைட் என்ற இலவச சாஃப்ட்வேரால் டிரைவரையும் சேர்த்துப் புது சிடி எழுதுவது இன்னொரு வழி. விண்டோஸ்தான் இப்படி என்றில்லை. இன்டெல்லின் இந்த ஏற்பாடு குறுக்கே நிற்பதைக் கண்டால் உபுண்டு லினக்ஸின் இன்ஸ்டாலரும் நின்றுவிடும். ஆனால் காரணத்தை நேர்மையாகச் சொல்லிவிட்டு நிற்கும்.

அடுத்த வில்லன் பென் டிரைவ். 1995-ல் விண்டோஸ் 95-ஐ ஃபிளாப்பியில் வாங்கியவர்களுக்கு 13 ஃபிளாப்பிகள் கிடைத்தன. பதினோராவதில் ஒரு கீறல் விழுந்திருந்தால் அன்றைய பொழுது போச்சு. ஒரு நகத்தளவு பென் டிரைவில் எல்லாம் அடங்கிவிடுகிற காலத்திலும் அந்தக் கீறல் உயிரோடுதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. 80070570 என்று முடியும் எண்ணோடு தேவையான ஃபைல்களை நிறுவ முடியவில்லை என்று செய்தி வந்தால் அர்த்தம் இதுதான்: படித்த ஃபைல் இருக்க வேண்டியபடி இல்லை. இறக்கியபோதே பழுதாகியிருக்கலாம். பென் டிரைவ் போலியாக இருக்கலாம். 64 ஜிபி என்று மேலே அச்சடித்து, உள்ளே அதில் சிறு பங்கு மட்டும் வைத்து நடைபாதையில் விற்கப்படும் சரக்குகள், நிரம்பும்வரை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு அதற்கு மேல் எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தும் யாரும் சீந்துவதில்லை. விண்டோஸின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கும் பக்கத்திலேயே அதன் 64 எழுத்துக் கைரேகையை மைக்ரோசாஃப்ட் வெளியிடுகிறது. இறக்கிய ஃபைலுக்கு அதே கைரேகையைக் கணக்கிடும் ‘செர்ட்யுடில்’ கட்டளை எல்லா விண்டோஸிலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றானால் ஃபைல் சுத்தம். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்க வேண்டியதுதான். ஒரு நிமிட வேலை. செய்யாமல் விட்டால் ஒரு நாள் வேலை.

ஃபைலும் சுத்தம், பென் டிரைவும் அசல், ஆனாலும் அதே எண் வருகிறதா? அப்போது சந்தேகம் மெமரி மீது திரும்ப வேண்டும். ஃபைலை விரிக்கும்போது இன்ஸ்டாலர் ரேமை முழுசாகக் கசக்குகிறது. சாதாரண நாளில் தெரியாத பழுது அப்போது பல்லை இளிக்கும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு முயல்வது, பிறகு மற்றதை வைத்து முயல்வது என்பது எந்தச் சாஃப்ட்வேரும் வேண்டாத சோதனை. தங்க முலாம் பூசிய பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் கைவைத்தியம். வெளிநாட்டுக் கையேடுகள் முகம் சுளிக்கலாம். ஆனால் ரேம் சரியாகப் பதியாததுதான் கோளாறு என்றால், தேய்த்தது பலித்ததோ, கழற்றி மாட்டியது பலித்ததோ, நோய் தீர்ந்துவிடும். முறையாகச் சோதிக்க மெம்டெஸ்ட் என்ற சாஃப்ட்வேர் 1990-களிலிருந்தே இருக்கிறது. இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம்.

பிழைச் செய்தியை நம்பி மோசம் போன கதைக்கு விண்டோஸ் 7 ஒரு நல்ல உதாரணம். யுஎஸ்பி 3.0 துவாரங்கள் வந்த பிறகு அந்த விண்டோஸைப் பென் டிரைவிலிருந்து ஏற்றியவர்களிடம் அது சிடி, டிவிடி டிரைவின் டிரைவர் இல்லை என்று புகார் சொன்னது. பெட்டியில் சிடி டிரைவே இருக்காது! 2009-ல் வெளியான அந்த இன்ஸ்டாலருக்கு யுஎஸ்பி 3.0 என்றால் என்னவென்று தெரியாது. தன்னைப் பெற்ற பென் டிரைவையே தொலைத்துவிட்டு, சிடியைத் தேடிக்கொண்டிருந்தது. பழைய யுஎஸ்பி 2.0 துவாரத்தில் மாற்றிச் செருகினால் ஓடிவிடும். மேசைக் கம்ப்யூட்டரில் முன்பக்கத் துவாரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம், மதர்போர்டிலேயே பதிந்த துவாரத்தில் செருகுங்கள் என்ற யோசனை எல்லா விண்டோஸுக்கும் பொருந்தும். முன்பக்கத்துக்குப் போவது ஒரு மெல்லிய ஒயர்தான்.

பணம் போகாமல் பொக்கிஷம் போகிற கட்டம் இனிதான். டிஸ்க் தெரிகிறது, பென் டிரைவும் யோக்கியம். ஆனால் இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது, இதில் இருப்பது எம்பிஆர் பகுப்பு, எனக்கு ஜிபிடிதான் வேண்டும் என்கிறது இன்ஸ்டாலர். இன்னொரு பெட்டியில் நேர் எதிராக, ஜிபிடி இருக்கிறது, அது ஆகாது என்கிறது.

எம்பிஆர் என்பது 1983-ல் ஐபிஎம் பிசியின் டாஸ் 2.0 காலத்தில் வந்த பட்டா முறை. டிஸ்க்கின் முதல் துண்டில் நான்கே நான்கு மனைகளுக்கு இடம். இரண்டு டெராபைட்டுக்கு மேல் அளக்கத் தெரியாது. ஜிபிடி பிறகு வந்த விஸ்தாரமான முறை. பழைய பயாஸ் வழியில் கிளம்பும் விண்டோஸ் எம்பிஆரைத்தான் ஏற்கும். புதிய யுஇஎஃப்ஐ வழியில் கிளம்பினால் ஜிபிடிதான். பல மதர்போர்டுகள் இரண்டு வழியிலும் போகத் தெரிந்தவை. பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு தடவை தெரிவது அதனால்தான். ஒன்றன் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதன் முன்னால் இருக்காது. அவசரத்தில் எதையோ தேர்ந்தெடுத்துவிட்டு டிஸ்க்கைக் குறை சொல்வது வழக்கம். விண்டோஸ் 10-ஐப் போடுகிறவர் வெளியே வந்து மற்றொன்றைத் தேர்ந்தெடுத்தாலே பாதிப் பிரச்னை பறந்துவிடும். விண்டோஸ் 11-க்கு அந்தத் தப்புவழி முறைப்படி கிடையாது. யுஇஎஃப்ஐயும் ஜிபிடியும் கட்டாயம்.

இந்த இடத்தில் வீடியோக்களைப் பார்த்து வைத்தியம் செய்கிறவர்கள் ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்துவார்கள். கறுப்புத் திரை வரும். ‘டிஸ்க்பார்ட்’ என்று அடிப்பார்கள், ஒரு டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பார்கள், ‘கிளீன்’ என்று அடிப்பார்கள். நிச்சயம்தானா என்று அது ஒரு வார்த்தை திருப்பிக் கேட்பதில்லை. ஒரு நொடியில் பட்டா முழுக்க அழிந்துவிடும். எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டிய பிறகு பழைய ஹார்டு டிஸ்க்கையும் உள்ளேயே விட்டு வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறவர்கள். திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் இருக்கும். எதில் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்காது. கல்யாண வீடியோ, டேலி கணக்கு, பி.எச்டி. ஆய்வேடு எல்லாம் இப்படிப் போயிருக்கின்றன. போன பிறகு அதே டிஸ்க்கில் ஒன்றும் எழுதாமல் உடனே நிறுத்திவிட்டால் சாதாரண ஹார்டு டிஸ்க்கில் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி.யில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழிந்த இடத்தை அது தானாகவே துடைத்து வைத்துவிடும்.

கைதேர்ந்த மெக்கானிக் செய்வது எளிமையான காரியம். விண்டோஸ் போட வேண்டிய டிஸ்க்கைத் தவிர மற்றதன் ஒயரைப் பிடுங்கிவிடுவார். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய டிஸ்க் கூடவே இருந்தால் விண்டோஸ் தன் உடலை எஸ்.எஸ்.டி.யிலும் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கிலும் வைத்துவிடக்கூடும். ஆறு மாதம் கழித்துப் பழையதைக் கழற்றினால் புதியதும் கிளம்பாது. எதையும் அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் கருவியை 2017-லிருந்து மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 10-க்குள் வைத்திருக்கிறது. மாற்றிய கையோடு பயாஸையும் யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். அதை மறந்துவிட்டு, கருவி டிஸ்க்கைக் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்களும் உண்டு.

இவ்வளவையும் கடந்தால் கடைசிச் சோதனைச் சாவடி. இந்த பிசியில் விண்டோஸ் 11 ஓடாது என்ற ஒற்றை வரி. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜிபி மெமரியும் 64 ஜிபி இடமும் யாருக்கும் பெரிய விஷயமல்ல. சிக்கல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லிலும், பிராசஸர் பட்டியலிலும். இன்டெல்லில் ஏறக்குறைய 8-ம் தலைமுறைக்கும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசைக்கும் முந்தியவற்றுக்குப் பெரும்பாலும் அனுமதியில்லை. 2017-ல் கணிசமான விலை கொடுத்து வாங்கிய 7-ம் தலைமுறை ஐ7-ஐ வெளியே நிறுத்தும் இதே பட்டியல், அதற்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாத ஒரு மலிவு செலரானை உள்ளே விடுகிறது. பாதுகாப்புதான் காரணம் என்கிறது மைக்ரோசாஃப்ட். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நன்றாக ஓடும் பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லும்போது, வாங்கியவருக்கு அது பாதுகாப்பாகத் தோன்றாது, வியாபாரமாகத்தான் தோன்றும்.

தகுதியிருந்தும் நிராகரிக்கப்படுகிறவர்கள்தான் பரிதாபம். கடையில் அசெம்பிள் செய்த பல பெட்டிகளில் டிபிஎம் பிராசஸருக்குள்ளேயே இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கிறது. இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம். டிபிஎம் என்றே தேடுகிறவருக்கு எப்படி அகப்படும்? 2021-ல் விண்டோஸ் 11 அறிவிப்பு வந்ததும் தனியாக விற்கும் டிபிஎம் சில்லுகளுக்கு உலகமெங்கும் தட்டுப்பாடு வந்து விலை எகிறியது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது தேவைப்பட்டிருக்காதோ! ரூஃபஸ் போன்ற இலவச சாஃப்ட்வேர் இந்தச் சோதனைகளைத் தாண்டும் பென் டிரைவைத் தயாரித்துக் கொடுக்கிறது. ஏறிவிடும், ஓடவும் ஓடும். ஆனால் அப்படி ஏற்றிய பெட்டிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. 2024-ல் வந்த 24எச்2 பதிப்போ கோர் 2 டுவோ காலத்துப் பிராசஸர்களில் கிளம்பவே கிளம்பாது. அதற்கு வேண்டிய சில கட்டளைகள் அவற்றுக்குத் தெரியாது. அங்கே எந்தத் தந்திரமும் எடுபடாது.

ஓ.எஸ். போடுவது என்றாலே அதில் ஒரு மௌனமான உடன்பாடும் இருக்கிறது. லைசென்ஸ் என்ற பேச்சை இரு தரப்பும் எடுப்பதில்லை. இந்தியாவில் 2017-ல் நிறுவப்பட்ட சாஃப்ட்வேர்களில் 56 சதவீதம் லைசென்ஸ் இல்லாதவை என்றது பிஎஸ்ஏ அமைப்பின் சர்வே. தர்மத்தை விடுங்கள்; தொழில்நுட்பக் காரணமே போதும். எவரோ குடைந்து குறைத்த விண்டோஸில் அப்டேட் பாதியில் நிற்பதும் ஆன்டிவைரஸ் முடங்குவதும் சகஜம். பூட்டை உடைக்கும் சாஃப்ட்வேரோடு வேறென்ன உள்ளே வந்தது என்று எவருக்கும் தெரியாது. 2015-க்குப் பிறகு வாங்கிய பெரும்பாலான கம்பெனி லேப்டாப்களில் அசல் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைச் சுத்தமாக ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானே உயிர்பெற்றுவிடும். அதற்குப் போய் ‘கிராக்’ போட்டுக்கொடுத்துக் காசு வாங்கும் கூத்தும் நடக்கிறது.

உலகத்தின் பழுதான கம்ப்யூட்டர்களோடு பெங்களூருக்கு இன்னொரு பந்தமும் உண்டு. டெல் கம்பெனி 2001-ல் இங்கே கால் சென்டர் திறந்தது. அதைப் போல மற்ற கம்பெனிகளும் வந்தன. டெக்சாஸிலும் ஒஹையோவிலும் பகல் வேளையில் கிளம்பாமல் நின்ற கம்ப்யூட்டருக்கு, நடு இரவில் பெங்களூரில் ஹெட்ஃபோன் மாட்டிய இளைஞர்கள் வைத்தியம் சொன்னார்கள். திரையைப் பார்க்க முடியாது. எதிர்முனையில் இருப்பவர் படித்துச் சொல்வதை வைத்தே நோயைக் கணிக்க வேண்டும். எந்த விளக்கு எரிகிறது, எத்தனை முறை பீப் அடித்தது, ஃபிளாப்பி ஏதும் உள்ளே மாட்டியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். ஒன்றுமே பலிக்காவிட்டால் கடைசி மருந்து, சிடியைப் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவது. எழுதி வைத்த வசனத்தைத் தாண்டிப் பேசத் தயங்குகிறார்கள், உச்சரிப்பு புரியவில்லை என்று புகார்கள் கிளம்பின. 2003 நவம்பரில், அமெரிக்கக் கம்பெனி வாடிக்கையாளர்களின் ஆப்டிபிளெக்ஸ், லாட்டிட்யூட் கம்ப்யூட்டர்களுக்கான அழைப்புகளை டெல் அமெரிக்காவுக்கே திருப்பிக்கொண்டது. அன்று அது பெரிய செய்தி. கம்ப்யூட்டரைப் பார்க்காமலே பழுது பார்க்கும் கலையை ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கற்றுக்கொண்டதுதான் மிச்சம், லாபமும் அதுதான்.

அந்தக் கலையைக் கேவலப்படுத்தியவர்களும் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு என்று வெளிநாட்டு முதியவர்களை மிரட்டிப் பணம் பறித்த போலி கால் சென்டர்கள் உள்ளிட்ட சைபர் மோசடிகளைத் தேடி, 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் சிபிஐ 76 இடங்களில் சோதனை போட்டது. பிழைச் செய்தியைக் கண்டு சாமானியன் கொள்ளும் பயம் எவ்வளவு விலை போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2024 ஜூலை 19 அன்று இந்தப் பயம் பெரிய மனிதர்களையும் பிடித்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் உறைந்தன. இந்திய விமான நிலையங்களில் செக்-இன் கைவேலையாயிற்று. மருந்து சின்னது: சேஃப் மோடில் கிளப்பி ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முன்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டும். டிஸ்க்கை பிட்லாக்கர் பூட்டியிருந்தால் அதற்கு முன்னால் 48 இலக்கச் சாவி எண்ணை அடிக்க வேண்டும்.

அந்த 48 இலக்கம் இனி வீட்டுக்காரர்களுக்கும் வரும் தலைவலி. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு புதிதாக ஏற்றும் விண்டோஸ் 11, 24எச்2-விலிருந்து பெரும்பாலான பெட்டிகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. சாவி அந்த அக்கவுன்ட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கவுன்ட் கடைப் பையன் அவசரத்துக்கு உருவாக்கியது, பாஸ்வேர்டு அவனுக்கே நினைவில்லை என்றால்? பயாஸை அப்டேட் செய்த மறுநாள் சாவி கேட்டு நிற்கும் லேப்டாப்பை இன்டெல்லின் பொறியாளர்களாலும் திறக்க முடியாது. ஓ.எஸ். போட்டு வாங்கும்போது சொந்த அக்கவுன்ட்டில் நுழைந்து, சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வைப்பது பத்திரம். ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கிடைக்கும்.

விண்டோஸே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்கும் பெங்களூரில் பூர்வகதை இருக்கிறது. 1996-ல் பிசி குவெஸ்ட் பத்திரிகை தன் சிடியில் லினக்ஸை வைத்து அனுப்பியது. இணையம் எட்டாக்கனியாக இருந்த காலத்தில் இந்தியாவில் பலர் லினக்ஸை முதலில் தொட்டது அந்த சிடியால்தான். அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் பெங்களூர்வாசி அதுல் சிட்னிஸ். 2001-ல் தொடங்கிய லினக்ஸ் பெங்களூர் மாநாடு, 2005-ல் ஃபாஸ்.இன் என்று பெயர் மாறிச் சில ஆண்டுகள் நடந்தது. சிட்னிஸ் 2013-ல் காலமானார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் கூடியிருக்கும் ஆர்வலர்கள் இலவசமாக லினக்ஸ் ஏற்றிக்கொடுக்கும் இன்ஸ்டால் விழாக்கள் அந்தக் காலத்துப் பழக்கம். கெட்டுப்போனால் திட்டாமல் உட்கார்ந்து சரிசெய்வார்கள் என்பதுதான் அவற்றின் கவர்ச்சி.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் லினக்ஸைத் துடைத்துவிட்டு முழு டிஸ்க்கையும் விண்டோஸுக்கே கொடுத்த மாணவர்கள் ஏராளம். தெரிந்தவர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருந்தது அதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தலைமுறை லேப்டாப்கள் எதிலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. லினக்ஸ் மின்ட் போன்றவை 4 ஜிபி மெமரியில் ஓடும். டேலி வேண்டும், குறிப்பிட்ட பிரிண்டர் வேண்டும் என்பவர்களுக்கு லினக்ஸ் சரிப்படாது. பிள்ளை படிக்க, பிரவுசர் பார்க்க, கடிதம் அடிக்க என்றால் தாராளம். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா என்று சோதித்துவிட்டு அப்புறம் டிஸ்க்கில் ஏற்றலாம் என்ற சலுகை விண்டோஸில் கிடையாது. என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள பெட்டியில் திரை கறுத்து நின்றால், பூட் வரியில் ‘நோமோட்செட்’ என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஏறிய பிறகு சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்துக்காக அலைந்த காலமும் ஒன்று இருந்தது. விண்டோஸ் 2000-ல்தான் யூனிகோட் தமிழ் முதலில் லதா எழுத்துருவோடு வந்தது. எக்ஸ்பியிலும் இருந்தது, ஆனால் ஒளிந்திருந்தது. கன்ட்ரோல் பேனலில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால், எக்ஸ்பி சிடியைப் போடு என்று கேட்கும். சிடியைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஒரு ‘க’வையும் ஒரு கொம்பையும் சேர்த்துப் பார்க்க எஸ்.பி. ரோட்டுக்கும் ரிச்சி தெருவுக்கும் இன்னொரு நடை.

இத்தனை எண்களையும் சுருக்கெழுத்துகளையும் தாண்டி, எதிலும் அடங்காத ஒரு வகை உண்டு. ஒரு நாள் டிஸ்க் தெரியும், மறுநாள் தெரியாது. விண்டோஸ் ஏறும், ஆனால் இணையப் பக்கம் எதுவும் திறக்காது, லைசென்ஸும் உயிர்பெறாது, அப்டேட் பிழை எண்ணாகத் துப்பும். வீட்டில் மூன்று முறை ஃபார்மேட் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி கடைக்கு வரும். விவரம் தெரிந்த மெக்கானிக் பென் டிரைவை எடுப்பதற்கு முன்னால் பயாஸுக்குள் போய்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அதில் 2012 ஜனவரி 1 என்று இருந்தால் மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் சாட்டா, பூட் வரிசை எல்லாம் தொழிற்சாலை நிலைக்கே திரும்பிவிடும். தேதி தவறாக இருப்பதால் இணையச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகிவிடும். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் அந்த பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தி, சாட்டாவைப் பழைய நிலையில் வைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் பல பெட்டிகளில் ஓ.எஸ். போடவே வேண்டியிருக்காது.